புனித வாரத்து ஊசி

“அம்மா!” என்ற அலறலில் எஃபேமியாவின் கையிலிருந்த அவரைக் கஞ்சிக் கரண்டி நழுவியது. ஈஸ்டர் காலை. மகள் நூர்கிஸின் கால் வாழைமரமாய் வீங்கியிருந்தது. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை அசையவில்லை.

நூர்கிஸுக்கு லூபஸ் என்ற நோய்; அவள் உடம்பு, தன் இரத்தத்தையே உறைய வைக்கும் எதிர்ப்பொருளைச் சுரந்தது. அதற்குத்தான் தினமும் வயிற்றில் ஊசி. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊசி குத்தினால் ஆண்டவரையே குத்தியதாகும் என்று எஃபேமியா மருந்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பைத் தேடிய டாக்டர், உதட்டைப் பிதுக்கிக் கருவியைக் கீழே வைத்தார்.

“படிச்சுப் படிச்சு சொன்னேனே! ஊசியை ஏம்மா நிறுத்தின?”

பழியை ஏற்க எஃபேமியா வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

“அம்மா ஒளிச்ச இடம் எனக்கு அன்னிக்கே தெரியும், டாக்டர். எடுத்துக் குத்திக்க எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”