சுஜிதன் பக்கக் கதவு

காரைப் படம் எடுக்கக் கலிஸ்ராவைத்தான் பிடித்தேன். முல்லைத்தீவில் கலியாணம், சேர்ச்சில் பிள்ளைகளின் முதல்நன்மை எல்லாம் அவள்தான் எடுப்பாள். எங்கள் காரையும் ஒரு கலியாணப் பொம்பிளையைப் போல வடிவாக எடுத்துத் தருவாள் என்று நம்பினேன். வவுனியாவில், மாற்றிச் செய்த கார்களுக்கு ஒரு கண்காட்சி. நல்ல படம் அனுப்பினால்தான் இடம்.

என் வயதுள்ள கொரோலா அது. நானும் சுஜிதனும்தான் அதை நிலத்தோடு பதித்து அகலச் சில்லுப் போட்டோம். பாதி வேலையில் அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். அங்கே இன்னும் விசா கிடைக்கவில்லை, வந்தால் திரும்பிப் போகமுடியாது. ஊதாப் பெயின்ற் போனில் அவன் பார்த்துச் சொல்லச் சொல்ல அடித்தது. முதல் படத்தில் முன்கதவில் அவனும் பின்கதவில் நானும் சாய்ந்து நிற்பதாகப் பேச்சு. அந்தப் பேச்சை நான் மறந்தால் மனிசனே இல்லை.

வற்றாப்பளை வெளியில் காரை நிறுத்திப் பின்கதவில் சாய்ந்தேன். "முன்கதவில இடம் விட்டு எடு தங்கச்சி" என்று சுஜிதனின் பாஸ்போட் படத்தைக் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இல்லாத ஆளைப் படத்தில் ஒட்டுவது எங்கள் பக்கத்தில் புதினமில்லை.

அடுத்த நாள் ஸ்ரூடியோவில் காட்டினாள். சுஜிதன் காருக்கு மேலே, வானத்தில், ஒரு வெளிச்ச வட்டத்துக்குள் இருந்தான். கீழே சின்னச் சிலுவை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிரோட இருக்கிறவனை ஏன் மேல ஏத்தினனீ?"

அவள் முகம் செத்துப்போனது. "குறை நினையாதேங்கோ றொமேஸ் அண்ணை. வெளிநாட்டில இருக்கிறவையை நிலத்தில விடுவன், செத்தவையை மேல விடுவன். எதெண்டு கேக்கிறேல்லை, கேட்டா ஆக்கள் அழுவினம். நீங்கள் அந்த முன்கதவை மூண்டு தரம் துடைச்சனீங்கள். அதைப் பாத்துத்தான்..."

துடைத்தது எனக்கே தெரியாது. கோபம் போய்விட்டது. அவனைப் பார்க்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

"இறக்கலாம் அண்ணை. ஆனா இதில தலை மட்டும்தான் இருக்கு. சாஞ்சு நிக்கிற முழுப் படம் வேணும்."

சுஜிதன் வேலையிடத்திலிருந்து உடனே அனுப்பினான். உணவகக் குசினியில், குளிர்ப்பெட்டியில் முழங்கை ஊன்றி நின்றான். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, நனைந்த ஏப்ரன். "உடுப்பு மாத்த நேரமில்லை மச்சான்" என்று எழுதியிருந்தான்.

கலிஸ்ரா குளிர்ப்பெட்டியை எடுத்துவிட்டு முழங்கையைக் கதவில் வைத்தாள். வவுனியாவில் இடம் கிடைத்தது. படத்தைப் பார்த்தவர்கள், கார் கழுவிப்போட்டு நிற்கிறான் என்றார்கள். நான் திருத்தவில்லை.

அவனுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. அரை மணித்தியாலம் கழித்து ஒரு வரி வந்தது.

"வெயிலில கதவு சுடுகுதோடா?"

அங்கே பனி கொட்டுகிற மாதம். நான் முற்றத்துக்குப் போய் முன்கதவில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. எடுக்க மனம் வரவில்லை. மற்றக் கையால் "ஓம்" என்று எழுதினேன்.