ரேடியோ ஏறிய பஸ்கள்

முப்பத்தாறு வயதில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை வீட்டில் விட்டுவிட்டு, ஒருத்தி மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "பிள்ளை படிக்கிற வயசுல அம்மா படிக்கப் போறாளாம்" என்று மாமியார் பக்கத்து உறவெல்லாம் பேசித் தீர்த்தது. பிசியோதெரபிஸ்டாக ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் அடுத்தவர் முட்டியையும் முதுகையும் நிமிர்த்தி வந்தவள், அந்தப் பேச்சுக்கெல்லாம் தன் முதுகைக் காட்டிவிட்டு விமானம் ஏறினாள். புருஷன் மட்டும், "நீ தைரியமா போ, நான் பார்த்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்வதில் மகளுக்குத் தலை பின்னுவதும் சேர்த்தி என்று அவனுக்கு அப்போது தெரியாது.

புது ஊரில் அவளுக்குக் கிடைத்தது, மூன்று பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். சமையலறையில் நான்கு அடுப்பில் ஒன்று எரியாது. முதல் நாள் கடுகு தாளித்ததும் கூரையில் இருந்த புகை அலாரம் ஊரையே கூட்டியது. துடைப்பக் கட்டையால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தியவள், உயரத்தால் நெட்டை என்று பேர் வாங்கிய அடுத்த அறைக்காரி. கட்டடக்கலை படிக்கிறவள். அவள் அறையிலும் கூடத்திலும் அட்டையால் செய்த குட்டிக் கட்டடங்கள் நின்றன. அவற்றுக்கு இருக்கிற அளவுக்குத்தான் அவளுக்கும் வாய் இருந்தது. "இப்படித் தட்டினா நிக்கும்" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு இன்னொருத்தி இருந்தாள். புள்ளியியல் படிக்க வந்த சின்னப் பெண். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் நெட்டை வைத்த பேர், ரேடியோ. இரண்டு பேரும் வந்தவளை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்ற அக்காவுக்கு ரேடியோதான் ஊரைக் காட்டினாள். எந்தக் கடையில் வெங்காயம் அழுகாமல் இருக்கும், எந்தச் சலவைக் கடையின் இயந்திரம் சட்டையைத் தின்றுவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பஸ் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். "அந்த பஸ்ல பின் சீட்டுக்குக் கீழதான்க்கா ஹீட்டர் இருக்கு, அங்க உக்காருங்க. பாலத்து வழியா போறதுல ஏறாதீங்க, அது ஊரெல்லாம் சுத்தும்." இவ்வளவு கெட்டிக்காரி இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று அக்கா நினைத்தாள்.

சும்மா இருந்து பழகாத கை. தனக்கு ஒரு ஆழாக்கு அரிசி போடும்போது மற்ற இருவருக்கும் சேர்த்துப் போட்டாள். அவர்கள் தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது மகள் நினைப்பு கொஞ்சம் அடங்கியது. போகப் போக அது வழக்கமாகிவிட்டது. ஆசையாக ஆரம்பித்தது கடமையாகிப் போனது எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது.

மகளோ போனுக்கே வரமாட்டேன் என்றாள். அம்மா முகம் திரையில் தெரிந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள்.

"ஹோம்வொர்க் பண்ணிட்டு இருக்காம்மா" என்பான் புருஷன்.

"நான் இல்லைன்னு சொல்லுங்கப்பா!" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வரும்.

அக்கா சிரித்தபடியே போனை வைத்துவிட்டு, பிறகு குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

வகுப்பிலும் நிலைமை சுகமில்லை. நோயாளியின் நடையைப் பார்த்தே வலி எங்கே என்று சொல்லிவிடக்கூடியவள், கட்டுரை எழுத உட்கார்ந்தால் திணறினாள். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் அவளை ஆசிரியை என்று நினைத்து முதல் நாள் எழுந்து வழிவிட்டார்கள். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது அதில் பேராசிரியர் எழுதியிருந்தது ஒரே வரி: அனுபவம் தெரிகிறது, ஆதாரம் இல்லை.

அந்த வரியை மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். தொட்டி நிறையப் பாத்திரம். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ரேடியோ கேட்டாள். "அக்கா, இன்னைக்கு என்ன சமையல்?"

"நான் என்ன உங்க வீட்டுக்குச் சமையலுக்கு வந்தவளா? பெத்த பிள்ளைக்குச் சோறு போடாம இங்க வந்து உக்காந்திருக்கேன். படிக்க வந்தேன்டி நான்!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று தெரிந்தது. நெட்டை கையிலிருந்த அட்டைச் சுவரைக் கீழே வைத்தாள். ரேடியோவின் முகம் சுண்டிப் போயிற்று. "ஸாரிக்கா" என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நெட்டை முட்டையை வேகவைத்துத் தின்றாள். ரேடியோ காலையில் எல்லோருக்கும் முன்னால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அக்காவுக்குத் தன் அறைக்குள் உட்கார்ந்து படிக்கவும் முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் அவளுக்கு ஊருக்கு வெளியே இருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில் செய்முறைப் பயிற்சி ஆரம்பித்தது. மதியம் போய்ச் சேர வேண்டும். ஏறியது பாலத்து வழியாகச் சுற்றிப் போகும் பஸ். அந்த மையத்துக்கு வேறு பஸ் இல்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கப் போனவள் பின் சீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

ரேடியோ தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தலை சாய்ந்திருந்தது. பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். வகுப்பில் இருக்க வேண்டிய நேரம் அது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். தினமும் வருகிற பெண்தான், பாவம், எழுப்ப வேண்டாம், வண்டி திரும்ப நகரத்துக்குள் போகும்போது தானே எழுந்துகொள்வாள் என்று அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார்.

தினமுமா? ஊரில் எந்தப் பஸ் எங்கே போகும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில் அக்காவுக்கு விளங்கிவிட்டது. தோளைத் தொட்டு எழுப்பினாள்.

ரேடியோ கண்ணைத் திறந்தாள். பழக்க தோஷம், முதலில் வாய்தான் விழித்தது. "என்னக்கா, தப்பான பஸ்ல ஏறிட்டீங்களா?"

"நான் சரியான பஸ்லதான் ஏறினேன். நீ எதுல ஏறின?"

அவ்வளவுதான். ரேடியோ உடைந்துபோனாள். நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னாள். ஊரில் அவள்தான் எப்போதும் முதல். இங்கே முதல் வாரமே பாடம் தலைக்கு மேல் போனது. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. ஒரு நாள் கேட்காதவள் மறுநாளும் கேட்கவில்லை. பிறகு எதைக் கேட்பது என்பதே தெரியாமல் போனது.

"ஒரு நாள் காலேஜ் ஸ்டாப் வந்துச்சுக்கா. எழுந்திருக்கணும்னு நெனச்சேன், கால் எழும்பல. பஸ் பாட்டுக்குப் போயிடுச்சு. அப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் தினமும் அப்படியே..."

"எவ்வளவு நாளா? ரெண்டு மாசமா?"

"மேலயே இருக்கும். அங்க யாருக்கும் என் பேரு கூடத் தெரியாது. வீட்ல நான் பேசறதெல்லாம் அங்க பேசாததுதான்க்கா."

அக்காவுக்கு நாக்கு நுனி வரை திட்டு வந்தது. 'பெத்தவங்க எவ்வளவு கஷ்டப்பட்டு' என்று ஆரம்பிக்கும் அந்தத் திட்டு எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதை விழுங்கிவிட்டாள். அவள் சொன்னது வேறு.

"என் பொண்ணு என்கூடப் பேச மாட்டேங்கறா."

"தெரியும்க்கா" என்றாள் ரேடியோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சுவர் ரொம்ப மெல்லிசு. நீங்க குழாயைத் திறந்து விட்டாலும் கேக்கும்."

இரண்டு பேருக்கும் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பயிற்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இவளை விட்டுவிட்டுப் போனால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். போகாவிட்டால் முதல் நாளே கெட்ட பெயர். அக்கா அவள் கையைப் பிடித்து மையத்துக்கே கூட்டிப் போய், வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் இங்கயே இரு. எழுந்து எங்கயாவது போன, அவ்வளவுதான்."

உள்ளே யாரோ ஒருவர் செயற்கைக் காலோடு நடந்து பழகிக்கொண்டிருந்தார். அக்காவின் கண் அந்தக் காலில், மனம் வாசலில். பயிற்சி முடிந்து கிட்டத்தட்ட ஓடி வந்தாள். ரேடியோ அதே நாற்காலியில், சுவரில் ஒட்டியிருந்த முதுகுவலி விளம்பரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் இருவரும் பல்கலைக்கழகத்து மாணவர் ஆலோசகரைப் பார்க்கப் போனார்கள். உள்ளே வரட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "வேணாம்க்கா, நானே பேசறேன். ஆனா கதவுகிட்டயே இருங்க" என்றாள் ரேடியோ. கதவு திறந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது. இந்தப் பருவம் போனது போனதுதான், அடுத்த பருவத்தில் முதலிலிருந்து தொடங்கலாம், இப்படி வந்து நிற்பவள் நீ மட்டும் இல்லை என்று அந்த ஆலோசகர் அம்மாள் சொன்னாளாம்.

மிச்சம் இருந்தது வீடு. ரேடியோவின் அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர். இரைச்சலிலேயே வாழ்ந்ததால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். கூடத்தில் அட்டைக் கட்டடங்களுக்கு நடுவே உட்கார்ந்து ரேடியோ போன் போட்டாள். நெட்டை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது.

"வை போனை" என்றார் அப்பா. முதல் தடவையாகக் கத்தாமல் சொன்னார்.

ரேடியோ போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "கத்தியிருந்தா பரவாயில்லைக்கா." நெட்டை எழுந்து போய் வெந்நீர் போட்டுக்கொண்டு வந்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது.

"பஸ்ஸுக்குள்ள குளிராம இருந்துச்சா?" என்றார் அப்பா.

நாளெல்லாம் பேசுகிற ரேடியோவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பேசாத நெட்டை போனைப் பிடுங்கிச் சொன்னாள்: "ஹீட்டர் இருக்குப்பா. பின் சீட்டுக்குக் கீழ."

"நீ யாரும்மா?"

"கூட இருக்கறவ."

"சரி. அவளைச் சாப்பிடச் சொல்லு. மிச்சத்தை நாளைக்குத் திட்டறேன்" என்றார் அவர். சொன்னபடி மறுநாள் திட்டினார். பட்டறை இரைச்சலோடு வந்த அந்தத் திட்டைக் கேட்டு ரேடியோ நிம்மதியாகத் தூங்கினாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். புதிய பருவத்தில் ரேடியோ முன் வரிசையில் உட்கார்ந்து தப்பும் தவறுமாகக் கேள்வி கேட்டாள்; அப்படியும் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டாள். சமையல் மூன்று பேருக்கும் பொதுவாயிற்று. நெட்டை வடித்த சோறு பசை மாதிரி ஒட்டும். அதில் அவள் அட்டைச் சுவரையே ஒட்டலாம் என்று ரேடியோ கேலி செய்வாள். அக்கா கட்டுரையில் ஆதாரம் காட்டப் பழகினாள். ரேடியோதான் உட்கார்ந்து அவளுக்கு எண்களைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது ரேடியோ திரைக்குள் தலையை நீட்டினாள். "கட்டிலுக்கு அடியில யாரோ இருக்காங்களாமே? அங்க என்ன ஸ்டாப்பு?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல், "அது யாரு?" என்றது. தலை மட்டும் வெளியே வந்தது. அன்று மகள் பேசியது முழுக்க ரேடியோவோடுதான். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் பாதி பொறாமையாகவும் இருந்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் "அந்த அக்காவைக் கூப்பிடு" என்பாள். அதைச் சொல்வதற்காகவாவது அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள் ரேடியோ வீட்டில் இல்லாதபோது போன் வந்தது. அந்த அக்கா இல்லை என்று தெரிந்தும் மகள் போனை வைக்கவில்லை.

"அம்மா, நீ எப்ப பாஸ் ஆவ?"

"அடுத்த வருஷம்டா கண்ணு."

"ஃபெயில் ஆயிடாத. ஃபெயில் ஆனா மறுபடியும் அதே கிளாஸ்ல உக்கார வெச்சுடுவாங்களாம். அந்த அக்கா சொன்னாங்க."

"ஆக மாட்டேன்."

"அப்ப போய்ப் படி" என்றாள் மகள். படக்கென்று போனை வைத்தும்விட்டாள்.