அப்பாவுக்கு ஒரு ஜோடி கையுறை

என் தம்பி ஆசகேல் எங்கள் அப்பாவின் அடக்கத்துக்கு வரவில்லை. அதற்காக ஏழு வருஷம் நான் அவனோடு பேசவில்லை. அந்த ஏழு வருஷத்தில்தான் இங்கிலாந்து ராஜாவோடு எங்களுக்கிருந்த வரித் தகராறு துப்பாக்கிச் சண்டையாகிப் போனது. என் வீட்டுச் சண்டைக்கும் அந்த வரிதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எல்லாம் ஒரு ஜோடி கையுறையில் ஆரம்பித்தது.

அமெரிக்கக் கரையில், மாசசூசெட்ஸில் எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வேண்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜோடி கையுறை போகும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் மெல்லிய தோல் கையுறை. சாவுச் சேதி யார் வாய் வழியாகவும் வரலாம். கையுறை வந்தால்தான் அழைப்பு. அது வராவிட்டால் நெருங்கிய உறவுக்காரர்கூடப் போகமாட்டார். போனால் மரியாதை இல்லை. எங்கள் போதகர் வீட்டுப் பரணில் இரண்டு பீப்பாய் நிறையக் கையுறை இருந்தது. முப்பது வருஷம் ஊரைப் புதைத்தவர் அவர்.

1767-இல் இங்கிலாந்துப் பார்லிமென்ட் எங்களுக்குக் கண்ணாடி, காகிதம், சாயம், தேயிலை என்று பார்த்துப் பார்த்து வரி போட்டது. வருஷக் கடைசியில் ஊர்க்கூட்டம் கூடியது. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் நான் வீட்டில் பீன்ஸ் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் யோதாம் வெற்றிவீரர் மாதிரி வந்தார்.

"இனிமே இங்கிலாந்துச் சரக்கு ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டோம். துணி, ரிப்பன், தேயிலை, கையுறை, ஒண்ணும் கிடையாது."

"கையுறையுமா? சாவு வீட்டுக்கு?"

"சாவு வீட்டுக்குந்தான். நம்மள ஒரு வார்த்தை கேக்காம வரி போடுறான். அவன் சரக்கு நமக்கு எதுக்கு?"

"கேக்காம செய்யறது தப்புன்னா, இதுல என்னைக் கேட்டீங்களா?"

யோதாம் பூட்ஸைக் கழற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

மூன்றே வாரத்தில், ஜனவரிப் பனியில், அப்பா போய்விட்டார். தீர்மானத்துக்குப் பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு எங்கள் வீட்டில்தான். ஆசகேல் பதினெட்டு மைல் தள்ளி பாஸ்டனில் துணிக்கடை வைத்திருந்தான். இங்கிலாந்துத் துணிதான் அவன் பிழைப்பு. அங்கேயும் இதே மாதிரி கையெழுத்து வாங்கினார்கள். அவன் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் கடைக் கதவில் யாரோ தார் பூசியிருந்தார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் தம்பிதானே.

பாஸ்டனுக்கு வண்டி ஓட்டும் பெலேக்கிடம் சேதி சொல்லி அனுப்பினேன். "அப்பா தவறிட்டார், வியாழக்கிழமை மத்தியானம் அடக்கம்னு சொல்லு."

"கையுறை ஏதும் குடுத்து விடுறீங்களாக்கா?"

"தீர்மானம் போட்ட கூட்டத்துல நீயுந்தானே இருந்த?"

"நான் இருந்தேன். உங்க தம்பி இல்லையே."

"கூடப் பிறந்தவனுக்குமா கையுறை வெச்சு அழைப்பாங்க? போடா, குதிரையப் பூட்டு."

இப்படிச் சொன்னவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வியாழக்கிழமை, எங்கள் ஊர் முதல்முறையாக வெறுங்கையோடு ஒரு பெட்டியைத் தூக்கியது. எங்கள் சபையின் மூப்பர், டீக்கன் எல்நாத்தான் முன்னால் பிடித்திருந்தார். குளிரில் விரல் நீலம் பாரித்துப் போனாலும் முகத்தில் ஒரு பெருமை. வெளிச்சம் மங்கும்வரை குழியை மூடாமல் காத்திருந்தோம். ஆசகேல் வரவில்லை. ராஜா கட்சிக்காரனுக்கு இங்கிலாந்துச் சரக்கை ஒதுக்கிய ஊரில் கால் வைக்க மனம் வரவில்லை என்று எல்நாத்தான் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். பெற்ற தகப்பனைவிடப் பெரியதா அந்தக் கட்சி என்று அன்று பற்றிக்கொண்ட எரிச்சல் அப்புறம் அணையவேயில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் பாஸ்டனில் வந்து இறங்கினார்கள். தெருவில் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். மற்ற வரியை எடுத்தார்கள், தேயிலை வரியை மட்டும் வீம்புக்கு வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கப்பலில் வந்த தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். பதிலுக்கு அவர்கள் துறைமுகத்தை இழுத்து மூடினார்கள். ஒவ்வொன்றிலும் அவர்கள் ஒருபடி ஏற, நாங்கள் ஒருபடி ஏறினோம். ஒரு பவுண்டு தேயிலைக்கு மூன்று பென்னி வரி. அதைக் கட்டினால் யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டோம். எங்களுக்கு வலித்தது பென்னி இல்லை. எங்களை ஓர் ஆளாக மதித்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததை ஊருக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

1775 ஏப்ரலில் எங்கள் ஊர்ப்படை வெடிமருந்தை ஒளித்துவைத்த இடத்தைத் தேடிச் சிப்பாய்கள் வந்தார்கள். யோதாம் பாதிக் கஞ்சியில் எழுந்து துப்பாக்கியோடு ஓடினார். மறுநாள் ஆள் முழுசாக வந்ததும் நான் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு அழுதேன். அப்புறம் அவர் பாஸ்டனுக்கு வெளியே கேம்பிரிட்ஜில் எங்கள் படை போட்டிருந்த முகாமுக்குப் போய்விட்டார். எங்கள் ஆட்கள் பாஸ்டனைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். உள்ளே ராஜாவின் பட்டாளம். அதோடு என் தம்பி.

பட்டாளத்திடம் பாஸ் வாங்கிப் பாஸ்டனை விட்டு வெளியே வந்த ஜனங்களை ஊர் ஊராகப் பிரித்து விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் தபீத்தாள். அறுபது வயசு, இரண்டு மூட்டை, ஓயாத வாய். ஆசகேல் கடைக்கு மேல்மாடியில் பத்து வருஷம் குடியிருந்தவளாம்.

"நீங்கதான் அந்த அக்காவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்த அப்பன் சாவுக்குத் தம்பியக் கூப்பிடாதவங்க?"

"யாரு கூப்பிடல? பெலேக் வந்து சொல்லலையா?"

"சொன்னான், சொன்னான். வழிப்போக்கனுக்குச் சொல்ற மாதிரி. அந்தப் புள்ள கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடை வாசல்ல நின்னுச்சு. குதிரையக்கூட வாடகைக்குப் பிடிச்சுக் கட்டி வெச்சிருந்துச்சு. கையுறை பின்னாடி வருது, பின்னாடி வருதுன்னு பார்த்துச்சு."

"ஊர்ல யாருக்குமே குடுக்கலையே!"

"அப்படித்தான் இருக்கும்னு நானும் சொன்னேன். அடுத்த வாரம் பெலேக் வந்தப்ப, யாராச்சும் கையுறை போட்டிருந்தாங்களான்னு கேட்டுச்சு. போதகர் போட்டிருந்தாருன்னான் அந்த மடையன். அதோட சரி, மத்தவங்களுக்குக் குடுத்துட்டுத் தன்னை மட்டும் விட்டுட்டாங்கன்னு நினைச்சிருச்சு. கோட்ட மடிச்சு உள்ள வெச்சிருச்சு."

போதகர் போட்டிருந்தார். பரணில் கிடந்த பழைய ஜோடி. குளிருக்கு. அவர் கைகளைப் பார்த்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வெண்ணெய் கடைகிற மத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பார்லிமென்ட்டைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடிதம் எழுத வழியில்லை. உள்ளே இருக்கும் ராஜா கட்சிக்காரனுக்கு ஒரு வரி எழுதினாலும் அந்தக் கட்சிக்காரர்களைக் கண்காணிக்கும் எல்நாத்தானின் கமிட்டி பிரித்துப் படிக்கும், யோதாமுக்குத்தான் தலைகுனிவு. நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, பீப்பாயிலருந்து ஒரு ஜோடி வேணும்."

"யாரும்மா செத்தது?"

"யாரும் சாகல. ஒரு பழைய பாக்கி."

அவர் பரணில் ஏறி ஒரு ஜோடியை எடுத்து வந்தார். எங்கள் ஊரிலிருந்து ராஜா கட்சிக் குடும்பம் ஒன்று பாஸ் வாங்கிக்கொண்டு பாஸ்டனுக்குள் போகக் கிளம்பியது. அந்த அம்மாவிடம் வெள்ளைக் கையுறையைக் கொடுத்து, ஆசகேலிடம் சேர்த்து, அவன் அக்கா கெத்சியா அனுப்பினாள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அன்று விட்டுப்போன அழைப்பு இது, அவனுக்குப் புரியும் என்று நினைத்தேன். மறுபடியும் அதே நினைப்பு, பாருங்கள்.

பன்னிரண்டாம் நாள் முற்பகல், கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் சாலையில் நடந்து வந்தான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. கோட்டெல்லாம் புழுதி. கையில் என் கையுறை மட்டும் அழுக்குப் படாமல் இருந்தது. கதவருகே நின்று தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா. அடக்கம் முடிஞ்சிருச்சா? பாஸ் குடுக்க இழுத்தடிச்சுட்டாங்க."

"யாரு அடக்கம்?"

"யோதாம் அத்தான்..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "செத்தது அவர் இல்லையா? கையுறை வந்துச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் கையுறைக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. உலகத்தில் வேறு எவளும் செய்யாத மடத்தனத்தை நான் செய்திருந்தேன்.

"அவரு முகாம்ல பீன்ஸ் தின்னு கொழுத்துட்டு இருக்காருடா. கையுறை அப்பாவுக்கு. அன்னைக்கு அனுப்பாதது."

ஆசகேல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். கையுறை போட்ட கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெளிய வந்தவன் திரும்ப உள்ள போக முடியாதுக்கா" என்றான் கடைசியில். "கடை போச்சு. நீ தனியா நிப்பியேன்னு தோணுச்சு, கிளம்பிட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

"ஏழு வருஷம் லேட்டா அனுப்பியிருக்க," என்றான்.

"நீ மட்டும் என்ன, பன்னண்டு நாள் கழிச்சுத்தானே வந்திருக்க."

சிரித்தான். அப்பாவின் சிரிப்பு. கையுறையைக் கழற்றப் போனவனைத் தடுத்து எழுப்பினேன். கல்லறைத் தோட்டம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடு வீதியில் நடந்தேன். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. சபைக்கூடத்தின் முன்னால் டீக்கன் எல்நாத்தான் வழியை மறித்தார்.

"ஆசகேல்! இந்த ஊருக்குள்ள வர உனக்கு எவ்வளவு தைரியம்? அதுவும் இங்கிலாந்துக் கையுறையோட! எங்க கிளம்பிட்ட?"

ஆசகேல் அவருடைய வெறுங்கைகளைப் பார்த்தான். அப்பாவின் பெட்டியைத் தூக்கிய கைகள். இவன் கோபப்படுவான் என்று நான் பயந்தேன். அவன் குரல் உயரவேயில்லை.

"எங்கப்பா அடக்கத்துக்கு, ஐயா. கூப்பிட்டாங்க, வந்தேன்."