முந்தின நாளே போட்ட கையெழுத்து

ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளிலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலையில் அளக்க வேண்டியதை முந்தின சாயங்காலமே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். எந்திரத்தின் எண்ணெய் அளவானாலும் சரி, மனுஷன் உடம்புச் சூடானாலும் சரி.

2003 ஏப்ரல். சிங்கப்பூரில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த சார்ஸ் தொற்றுக் காய்ச்சல் பேப்பரை நிறைத்திருந்தது. சப்ளையர் மாநாட்டைத் தள்ளிப்போடலாமே என்று முதலுதவி அறை நர்ஸ் முத்துச்செல்வி கேட்டுப் பார்த்தாள். எச்.ஆர். மேனேஜர் நரசிம்மன் சிரித்தார்.

"பேப்பர்காரனுக்கு இன்னா சிஸ்டர், எதையாவது எழுதுவான். சிங்கப்பூர்லேர்ந்து ஆளுங்க கெளம்பியாச்சு. நீங்க டெம்பரேச்சர் ஷீட்டை ரெடி பண்ணுங்க."

நூற்றிருபது பெயருக்கும் 98.4 என்று எழுதினாள். காலையில் அளந்து திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டாள். காலையில் பஸ்கள் மொத்தமாக வந்து நின்றன. அவளுடைய மேஜையில் பூங்கொத்துகளை அடுக்கிவிட்டார்கள். யாரையும் அளக்கவில்லை.

பதினொரு மணிக்குச் சிங்கப்பூர் விருந்தாளி ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டு அவள் அறைக்கு வந்தார். தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்றிரண்டு. போக வேண்டாம் என்று சைகையிலும் அரைகுறை இங்கிலீஷிலும் கெஞ்சினாள். நல்ல மனுஷன்தான், நன்றி சொல்லி, இருமிக்கொண்டே கூட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

அவள் நரசிம்மனிடம் ஓடினாள். "சார், அவருக்குக் காய்ச்சல் கொதிக்கி. ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி ஓடுது. கூட்டத்தை நிப்பாட்டுங்க சார்."

அவர் தாளை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? இதுல அவருக்கு நார்மல்னு கீது. இப்ப மாத்துனா, நேத்து எதைப் பாத்துப் போட்டீங்கன்னு கேப்பாங்க. மாத்திரை குடுத்தீங்கல்ல, வுடுங்க."

அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே டீ கொடுத்துக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் அருள்பாண்டி. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது.

கண்ணாடிக் கதவோரம் நின்று அவனைக் கூப்பிட்டாள். "ஏங்க, வெளிய வந்துருங்க. வயித்து வலின்னு சொல்லுங்க."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? சூப்பர்வைசர் பாக்காரு. அந்த சிங்கப்பூர் சார் எங்கிட்ட கை குடுத்தாரு, தெரியுமா?" என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லிவிட்டு டிரேயோடு போனான்.

கூட்டம் முடிந்தது. போட்டோவுக்கு எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். அந்த விருந்தாளி டீ கொடுத்தவர்களையும் விடாமல் அழைத்து, அருள்பாண்டியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், நீங்களும் வாங்க. மெடிக்கல் ஏற்பாடு இருந்துச்சுன்னு போட்டோல தெரியணும்ல?" என்றார் நரசிம்மன்.

அவளுக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அவனை அங்கே விட்டுவிட்டு எங்கே ஓடுவது? போய் அவன் பக்கத்தில் நின்றாள். விருந்தாளி மறுபடி இருமினார். அருள்பாண்டி பதறிப்போய் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

முத்துச்செல்வி மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.