பாடும்போது அளந்து பார்

மூன்றாவது கல்யாணத்திலும் பாட்டு பாதியில் அறுந்தபிறகு இப் என்ற நகரத்துப் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கல்யாணப் பாடகி தகிய்யாவின் குரலுக்குக் கண் பட்டுவிட்டது! இல்லாவிட்டால், தாழ்ந்த குரலில் பாடும்வரை சமர்த்தாக இருக்கிற ஒலிபெருக்கி, அவள் உச்சத்துக்குப் போன மறுநொடி மட்டும் டப்பென்று சாவானேன்? சாம்பிராணி போட்டார்கள், ஓதி ஊதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அவள் தம்பி காயித் கண் படுவதை நம்புகிற ஆள் இல்லை. வோல்ட் அளக்கிற மீட்டரை நம்புகிற ஆள். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அக்காவையும், ஒலிபெருக்கியையும், கரண்டை நம்ப முடியாத ஊர் என்பதால் அதற்கான பேட்டரியையும் கல்யாண வீட்டில் கொண்டுபோய் இறக்குவது அவன் பொறுப்பு. பழைய சாமான் கடையில் அந்தப் பேட்டரியைப் பொறுக்கி வாங்கியதும் அவனேதான். பாட்டு அறுந்த ஒவ்வொரு தடவையும் மீட்டரை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கீழே அது இறங்கியதே இல்லை.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்குக்கா. நீதான் மைக்க முழுங்கற மாதிரி கத்தற. கொஞ்சம் அடக்கி வாசி."

அவளும் அடக்கித்தான் வாசித்தாள். ஒரு மாதமாக அரைக் குரலில் பாடினாள். பாட்டு அறுந்துபோகவில்லை, ஆனால் கேட்டவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "பாவம், போயிடுச்சு" என்றார்கள். அழைப்புகளும் குறைந்துகொண்டே வந்தன.

இன்று ஹூரிய்யாவின் மகள் ஷுரூக்குக்குக் கல்யாணம். பிற்பகல் தொழுகை முடிந்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். மணப்பெண் கூடத்துக்குள் நடந்துவரும்போது பாடுகிற பாட்டை அரைக் குரலில் பாட முடியாது. பாடினால் அது இழவு வீடாகிவிடும். ஹூரிய்யா வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"இதோ பாரு தகிய்யா, மனசுல வச்சுக்காதே. இன்னைக்கும் அறுந்துச்சுன்னா நான் போன்ல பாட்டுப் போட்டுக்குவேன். என் பொண்ணு நடு வழியில நிக்கக் கூடாது."

இன்றைக்கும் அறுந்தால் அக்காவை இந்த ஊரில் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். அது காயித்துக்கும் தெரியும். காரில் சாய்ந்துகொண்டு, வெற்றிலை போல மெல்லுகிற காத் இலையைக் கன்னத்தில் அதக்கியபடி, ஆண்கள் நுழையக் கூடாத கூடத்தின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மத்தளம் தொடங்கியது. பெண் வருமுன் ஒரு பாட்டு. தகிய்யாவின் குரல் மெல்ல ஏறியது, இன்னும் ஏறியது.

டப்.

"ஆம்பள வர்றான், மூடிக்குங்கடி!" என்று யாரோ கத்த, கூடம் முழுக்கக் கறுப்புத் துணி சரசரத்தது. காயித் தலையைக் குனிந்தபடி போய், மீட்டரை வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஐந்து. குனிந்த தலையோடு திரும்பினான். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று தரையிடம் சொன்னான். ஹூரிய்யா போனைக் கையில் எடுத்தாள்.

அவன் வெளியே வந்து கதவு மூடியதும், அதன் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டேய், நில்லுடா. நீ எப்ப அளக்கற?"

"எப்பன்னா? இப்பத்தானே அளந்தேன்."

"நான் வாய மூடினதுக்கப்புறம். போன தடவையும் மூடினதுக்கப்புறம். பாடறப்போ ஒரு தடவையாவது அளந்திருக்கியா?"

"பொம்பளைங்க ஆடிக்கிட்டு இருக்கறப்போ நான் எப்படிக்கா உள்ள வர்றது? செருப்பு பிஞ்சிடாது?"

சொல்லி முடித்ததும் அவனுக்கே சுருக்கென்றது. தினமும் காலையில் காரைக் கிளப்பும்போது பேட்டரி திணறி விளக்கு மங்குவதைப் பார்க்கிறவன் அவன். அட மடையா!

கதவிடுக்கு வழியாக மீட்டரை உள்ளே நீட்டினான். சிவப்பு ஒயரை எங்கே வைப்பது, கறுப்பை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தான். ஹூரிய்யா தானே வாங்கிக்கொண்டாள். மறுபடி மத்தளம் அதிர்ந்தது.

"பன்னெண்டரை!" என்று உள்ளிருந்து கூவினாள். தகிய்யா பாட ஆரம்பித்தாள். "பதினொண்ணு புள்ளி எட்டு! பதினொண்ணு! அடியே, இறங்குதுடி! பத்தரை! பத்து!"

டப்.

"பன்னெண்டரை!" ஹூரிய்யா அலறினாள். "பாட்டு நின்னதும் ஏறி உக்காந்துக்கிச்சே! இது என்னடா நாடகம்?"

காயித்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நாடகந்தான் மாமி. சும்மா நிக்கறப்போ எவனும் பயில்வான்தான், மூட்டையத் தூக்கச் சொன்னாத்தானே தெரியும்? பேட்டரிக்குள்ள தகடெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு. குரல் ஏற ஏற ஒலிபெருக்கி கரண்ட்ட அதிகமா இழுக்குது. அந்த உப்பத் தாண்டி வர்றதுக்குள்ள வோல்ட்டுல ஒரு பங்கு உள்ளயே போயிடுது. பத்துக்குக் கீழ போனா ஒலிபெருக்கி தானா நின்னுடும்."

"அப்போ இவ தொண்டைக்கு ஒண்ணும் இல்லையா?"

"தொண்டைக்கு என்ன குறை? வாங்கினவன் நான். கோளாறு என்கிட்ட."

கதவுக்குப் பின்னாலிருந்து தகிய்யா மெதுவாகச் சொன்னாள். "ஒரு மாசம்டா. ஒரு மாசமா என் குரலப் பார்த்து நானே பயந்துக்கிட்டு இருந்தேன்."

அவன் நேரே போய் கார் மூடியைத் தூக்கினான். உள்ளே, ரமலானுக்கு முன்னால் காருக்கு வாங்கிய புதுப் பேட்டரி. திருகுகளைக் கழற்றி, இடுப்பில் அணைத்துத் தூக்கிவந்து வாசற்படியில் வைத்தான். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

பெண் புறப்பட்டுவிட்டாள். குலவை எழுந்தது. அதற்கு மேலே தகிய்யாவின் குரல் எழுந்தது, இந்த முறை எதையும் மிச்சம் வைக்காமல்.

"பன்னெண்டு புள்ளி ஏழு!" ஹூரிய்யா மகளைப் பார்ப்பாளா, மீட்டரைப் பார்ப்பாளா? "பன்னெண்டு புள்ளி மூணு! இறங்குது... இல்ல, நின்னுடுச்சு! அங்கேயே நிக்குதுடி, பாடு!"

குரல் உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, இன்னும் ஒரு படி ஏறியது. அறுந்துபோகவில்லை. காயித் மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டு காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். கண்ணில் வந்த நீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது. வாடிக்கையாக வருகிற துணிக்கடைக்காரர். உடனே சந்தைக்குப் போகவேண்டுமாம்.

"இன்னைக்கு வண்டி நகராதுங்க."

"ஏன்டா, வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றான் காயித். "எங்க அக்கா பாடிக்கிட்டு இருக்கா."