அலுமினியத் தாளில் சுற்றிய கைப்பேசி

பாலத்தின் நடுவில் பஸ் நின்றபோது க்ளோவிஸ் தன் கைப்பேசியை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். காலையில் பாடகர் குழுவின் லோரெட் சுட்டுக் கொடுத்த ப்ளோய் அடைகளைச் சுற்றியிருந்த தாள் அது. ஓரத்தில் வெண்ணெய் ஒட்டியிருந்தது. ஒரு சுற்று போதுமா என்று தெரியாததால் இரண்டாவது சுற்றும் சுற்றினார். பிறகு அதைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கீழே ஆறு இன்னும் உறைந்தே கிடந்தது. பின்னால் அமெரிக்காவின் மேய்ன் மாநிலம். முன்னால் கனடாவின் நியூ பிரன்ஸ்விக், சொந்த ஊர், சொந்த சிக்னல். அந்தச் சிக்னல்தான் அவரைக் கொல்லப் பார்த்தது.

நடந்தது இதுதான். பங்குக் கோவில் பாடகர் குழுவை அவர் இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறார். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒருவர் குடித்துவிட்டுப் பாட வந்தபோதுகூட, "இன்னிக்கு உங்க தொண்டைக்கு ஓய்வு குடுங்க" என்றுதான் சொன்னார். அப்படிப்பட்டவர், ஈஸ்டர் அன்று பாடும் உயிர்ப்பு ஞாயிறு பாட்டை இந்த முறை வேறொருவர் பாடட்டும் என்று லோரெட்டுக்கு ஒரு செய்தி எழுதிவிட்டார். முப்பத்தோரு வருடமாக அவள் பாடும் பாட்டு. போன வருடம் உச்ச ஸ்தாயியில் அவள் குரல் உடைந்தது; கோவிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். 'உன் குரல் இனி அங்கே ஏறாது, லோரெட். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை' என்று எழுதி, அனுப்பாமல், மூன்று வாரம் வைத்திருந்தார். இன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பங்கில் ஞாயிறு பூசைக்குப் பாடிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு சொல்லைத் திருத்தலாமே என்று திறந்தார். பனியில் வீங்கிக் கிடந்த சாலை பஸ்ஸைத் தூக்கிப் போட்டது. கட்டைவிரல் பொத்தானில் விழுந்தது.

அமெரிக்கப் பக்கம் அவர் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. செய்தி போகவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. சொந்தக் கரையைத் தொட்டதும் பறந்துவிடும்.

அதை அழிக்க அவருக்குத் தெரியாது. அணைக்கலாம் என்று பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், "நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று உள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள். குழுவில் எல்லோருக்கும் கைப்பேசி சொல்லிக்கொடுப்பது ஒரே ஆள்தான். அந்த ஆள் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எல்லையில் வெண்ணெயை மறைத்தால் பாவமா என்று பின்வரிசைப் பெண்களோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"பாவம்தான்டி. தவக்காலத்துல ரெண்டு மடங்கு பாவம். சொல்லிட்டு வரி கட்டு," என்றாள் லோரெட். அவர் பக்கம் திரும்பினாள். "க்ளோவிஸ், ஏன் இப்பிடி வேர்க்குது உனக்கு? அடை ஒத்துக்கலையா?"

"அடை நல்லாத்தான் இருந்துச்சு."

'அந்தோணியாரே,' என்று உள்ளுக்குள் வேண்டினார். 'காணாமப் போனதையெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கறவரே, இந்த ஒண்ண மட்டும் காணாமப் போக வையும்.'

பஸ் கனடாக் கரையில் நின்றது. சுங்க அதிகாரி ஏறினாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் நடீன் என்று பெயர். வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஒரு ஜோடி பனிச்செருப்பு என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். க்ளோவிஸிடம் வந்ததும் நின்றாள்.

"தொப்பியில என்ன ஐயா?"

"போன்."

"தாள்ல சுத்தியிருக்கே?"

"ஆமா."

"ஏன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. காலையில்தான் நற்கருணை வாங்கியிருந்தார். "சிக்னல் வரக்கூடாதுன்னு," என்றார்.

நடீன் பேனாவை மூடினாள். "கொஞ்சம் உள்ள வாங்க."

அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். நடீன் ஓர் அட்டையைப் பார்த்து வாசித்தாள். போனைப் பார்ப்பதற்கு முன் அதன் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். போனுக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கலாம், வெளியே இணையத்தில் இருப்பதைத் தேடக்கூடாது. ஏன் பார்த்தேன், எதைப் பார்த்தேன் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும்.

"துண்டிக்கணுமா?" க்ளோவிஸ் பாதி எழுந்துவிட்டார். "மொதல்ல அதச் செய்ங்க அம்மா! தாளப் பிரிக்கறதுக்கு முன்னாடியே செய்ங்க!"

"தாளப் பிரிக்காம எப்பிடி ஐயா செய்யறது?"

"அப்ப சீக்கிரம் பிரிங்க. உங்க கைக்குப் புண்ணியமாப் போகும்."

ஒன்பது வருட வேலையில் தொடர்பைத் துண்டிக்கச் சொல்லிக் கெஞ்சிய முதல் ஆள் இவர்தான். அவளுடைய சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது. ஒரே இழுப்பில் தாளைக் கிழித்து, இரண்டு தட்டுத் தட்டினாள். திரையின் மூலையில் சின்ன விமானம் தோன்றியது. க்ளோவிஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடவு எண்ணைக் கேட்டாள். அவர் பிறந்த வருடம்தான். பிறகு அவள் வாசித்தாள். வாசிக்க நேரமாயிற்று. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலாவது சாமியாருக்கும் நமக்கும் நடுவே ஒரு வலை இருக்கும் என்று நினைத்தார்.

"இதுதானா?" என்றாள் நடீன்.

"இதுதான் அம்மா."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இது போதாதா?"

அவள் குறிப்பேட்டில் எழுதினாள். 'காரணம்: கைப்பேசி அலுமினியத் தாளில் சுற்றப்பட்டிருந்தது. பார்த்தது: அனுப்பப்படாத ஒரு செய்தி. குற்றம் ஏதும் இல்லை.' கடைசி வரியை எழுதும்போது அவள் உதடு துடித்ததை அவர் கவனித்தார். சிரிப்பை அடக்குகிறாளா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"அத அழிச்சிருங்க அம்மா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்கு உரிமை இல்ல ஐயா. நான் பாக்கலாம். எதையும் மாத்தக்கூடாது, அழிக்கக்கூடாது. இத நான் பாத்ததையும் வெளிய சொல்லக்கூடாது." போனை அவர் பக்கம் தள்ளினாள். "சோதனை முடிஞ்சுது. இனி இது உங்க போன்."

"வெளிய போனதும் பறந்துருமே!"

"நீங்க சிக்னல திரும்பப் போட்டாத்தான் பறக்கும்." அவள் கதவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் தொடக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. அந்தச் செய்தி மேல விரல வச்சு அப்பிடியே அழுத்துங்க. மெதுவா. உள்ள இருக்கற பொண்ணக் கூப்பிட்டுறாதீங்க."

அவர் அழுத்தினார். ஒரு சின்னக் குப்பைத்தொட்டி வந்தது.

"அதத் தொடுங்க."

அவருடைய விரல் நடுவழியில் நின்றது. வெளியே பஸ் ஹாரன் ஒரு தடவை அடித்தது.

"அதுல எழுதினது பொய்யா ஐயா?"

"பொய்யா இருந்தா நிம்மதியா இருக்குமே." அவர் மூக்கை உறிஞ்சினார். "உண்மைதான். ஆனா உண்மைய இப்பிடியா அனுப்புவாங்க? கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி?"

பதில் சொல்வது நடீனின் வேலையில்லை. மேசை டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவர் முன் வைத்தாள். வேறொரு தாளில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

க்ளோவிஸ் குப்பைத்தொட்டியைத் தொட்டார். சுழலும் கடிகாரமும் மூன்று வாரத்து எழுத்தும் போயின.

பஸ்ஸில் ஏறியதும் ஆரவாரம்.

"என்ன மாட்டுச்சு? கஞ்சாவா, காதல் கடுதாசியா?"

"இந்த வயசுல காதல் கடுதாசின்னா மெழுகுவத்தி ஏத்த வேண்டியதுதான்!"

"சாமியார்கிட்ட நாங்க சொல்ல மாட்டோம், உண்மையச் சொல்லுங்க!"

லோரெட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உட்கார இடம் விட்டு, தன் கம்பளியில் பாதியை அவர் முழங்கால்மேல் போட்டாள். "மிரட்டினாளா அந்தப் பொண்ணு?"

"இல்ல. நல்ல பொண்ணு. ஆண்டவர் அவள நல்லா வைக்கட்டும்."

பஸ் கிளம்பி ஆற்றோரச் சாலைக்கு வந்தது. லோரெட் அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, விமானக் குறி போட்டு விட்டுட்டாளே. யார் கூப்பிட்டாலும் வராது. குடு, எடுத்து விடறேன்."

"இருக்கட்டும்."

"ஏன்?"

"வீடு போற வரைக்கும் இருக்கட்டும் லோரெட்." அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். மாட்டிய பிறகும் கை அங்கேயே இருந்தது. "உயிர்ப்பு ஞாயிறப் பத்தி உங்கிட்ட ஒண்ணு பேசணும். நேர்ல பேசணும்."

பின்வரிசையில் யாரோ ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். லோரெட்டும் வழக்கம்போல் சேர வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நெடுநேரம் உட்கார்ந்து கேட்கப் போகிறவள் போல, கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவத் தொடங்கினாள்.