கொட்டாவி

காதுகுத்து வீட்டில் முதல் பந்தி முடிவதற்குள் சந்திரவல்லி இருபது கொட்டாவியாவது விட்டிருப்பாள். வாயைப் பொத்தினால் கண்ணில் தண்ணீர் வந்தது, கண்ணைத் துடைத்தால் மூக்கு ஒழுகியது. ஆவணிப் புழுக்கத்தில் ராசிங்காபுரமே விசிறிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் கையிலும் கழுத்திலும் புல்லரித்து நின்றது. பிள்ளைக்கு அத்தை அவள். சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டியவள், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வயிற்றைக் கலக்குவதை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, தோட்டத்து வாடை இன்னும் எறங்கலையா?” என்று தம்பி ஈஸ்வரன் கேட்டான்.

“அதான் போல” என்றாள்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களிடம் இந்த வாடையைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார்கள். செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து திங்கள் முதல் சனி வரை உடம்பில் ஏறுமாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருக்கும்போது கொட்டாவியாகவும் மூக்குத்தண்ணியாகவும் வயிற்றுப்போக்காகவும் இறங்குமாம். வெல்லத்தைக் கடிப்பார்கள், மோரைக் குடிப்பார்கள், ஒன்றும் கேட்காது. திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில், ஆள் சேர்க்கிற காசிமாயன் கொடுக்கிற வலி மாத்திரையைப் போட்டதும் கழுவிவிட்டது போல எல்லாம் சரியாகிவிடும். வலிக்கும் கேட்டு வாடைக்கும் கேட்கிற மாத்திரையை யார்தான் குறை சொல்வார்கள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் சரிவில் வழுக்கி இடுப்பில் அடிபட்டபோது சந்திரவல்லிக்கு நாளைக்கு ஒன்றாக வந்த மாத்திரை அது. இப்போது நான்கு. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துக்கொள்வாள்.

போன செவ்வாய்க்கிழமை மலை ரோட்டில் பாறை சரிந்து ஜீப் நின்றுபோனது. பானைக்குள் இருந்ததை இழுத்துப் பறித்து நேற்றுக் காலை வரை ஓட்டியிருந்தாள். இன்று, திங்கட்கிழமை, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிறார்கள், இவள் கண் ரோட்டில் போடி பஸ் வருகிறதா என்று பார்க்கிறது. ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பதற்குள் தட்டை யாரோ ஒருத்தியிடம் திணித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

காசிமாயனின் வீடு போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். பச்சை கேட்டைத் தட்டினாள். அவன் மனைவி ஜன்னல் வழியாகவே பதில் சொன்னாள்.

“அவரு மருதைக்குப் போயிருக்காரு. நாளைக்கு வாங்க. ரோடு அடுத்த திங்கக்கெழமதான் தெறக்குறாகளாம்.”

சந்திரவல்லி கேட்டைப் பிடித்தபடி நின்றாள். மத்தியான வெயிலில் அந்தக் கம்பி சுட்டது, அந்தச் சூட்டிலும் உடம்பு நடுங்கியது. தோட்டத்தை விட்டு இறங்கி ஏழு நாள் ஆகப்போகிறது. செடிக்கு மருந்தடித்து மூன்று வாரம். ஏழு நாளாக இறங்காத வாடை, மாத்திரை தீர்ந்த மறுநாள் சொல்லிவைத்தாற்போல எப்படி இறங்கும்? ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மாத்திரை மிச்சம் இருந்த ஞாயிறு எதிலும் வாடை வந்ததில்லை. எத்தனை பேர் எத்தனை வருஷமாகப் பூச்சிமருந்தின் மேல் பழி போட்டுக்கொண்டு அந்த ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அவமானமாக இருந்தது. கூடப்பிறந்தவன் வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்தவன் கேட்டைப் பிடித்து நிற்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பிடி உப்புக்குக்கூட யார் வாசலுக்கும் போகாதவள். இப்போது அவள் விடியலே காசிமாயனின் சட்டைப் பையில் கிடக்கிறது.

“நாளைக்கு வர்றீகளா?” என்றது ஜன்னல்.

“வரல” என்றாள் சந்திரவல்லி.

அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் தமிழ்செல்வி மட்டும் இருந்தாள். மருந்துப் படிப்புப் படித்துவிட்டு வந்த பெண், எதைக் கேட்டாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். வயிற்றுப்போக்கு மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, தைலம் ஒன்று என்று சந்திரவல்லி அடுக்கியதும் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டாள்.

“யாருக்குக்கா இவ்வளவும்?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். தமிழ்செல்வி முகத்தைச் சுளிக்கவில்லை, அந்த ஒரு காரணத்துக்காகவே அவளைச் சந்திரவல்லிக்குப் பிடித்துப்போனது.

“இது எதுவும் அத விட வைக்கிற மருந்து இல்லக்கா. வயித்தப் பிடிக்கும், மேல் வலியக் கொறைக்கும், ஒடம்புல தண்ணி வத்தாமப் பாக்கும், அம்புட்டுத்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சு விடுவாரு. அதான் நல்லது.”

“கொறைக்கிறதுக்கும் அந்த மாத்திரைதான ஆத்தா வேணும்? அவன் வாசலுக்கு நான் போகமாட்டேன்.”

“டாக்டரு வேற மருந்து குடுப்பாருக்கா.”

“முதல்ல நான் பாக்குறேன்.”

தமிழ்செல்வி பெருமூச்சு விட்டாள். அட்டையைத் திருப்பி, பேனாவால் ஒரு கோடு போட்டாள். “வயித்து மாத்திரை ஒரு நாளைக்கு இந்தக் கோடு வரைக்குந்தான். கேக்கலையேன்னு கூடப் போட்டீகன்னா நெஞ்சுத் துடிப்பையே நிப்பாட்டிப்புடும். கை கால் வெட்டி இழுத்தாலோ, குடிச்ச தண்ணி நிக்கலன்னாலோ ரோஷம் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிறணும். இன்னொண்ணு. நாலு நாள் விட்டுட்டுப் பழைய கணக்குல நாலையும் ஒண்ணா முழுங்கிறாதீக. அது முன்ன மாதிரி தாங்காது, மூச்சு நின்னுரும்.”

அன்றைக்குச் சாயங்காலம் புருஷன் கன்னையன் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவனையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். இழுப்பு வந்தால் ஆட்டோ கூப்பிட வேண்டும், மற்றபடி அவள் எவ்வளவு கெஞ்சினாலும் காசிமாயன் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. கன்னையன் நல்ல மனுஷன், ஆனால் உடம்பு சரியில்லாதவர்களைக் கண்டால் கஞ்சி காய்ச்சுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. காய்ச்சினான். மூன்று நாள் விடாமல் காய்ச்சினான்.

அந்த மூன்று நாளையும் அவளால் வரிசையாகச் சொல்ல முடியாது. வயிறு கோட்டுக்குள் அடங்கியது, தைலம் இடுப்பை எரித்தது, ஆனால் காலுக்குத்தான் மருந்தில்லை. படுத்தால் கால் தானாக உதறியது. எழுந்து நடந்தால் உட்காரச் சொன்னது. குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் அவள் நடந்த நடைக்கு மலையேறி மூணாறே போயிருக்கலாம். வேர்த்து, குளிர்ந்து, மறுபடி வேர்த்தாள். ஓ.ஆர்.எஸ். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். கன்னையனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் திட்டுக்கு ஒரு தம்ளர் வீதம் கஞ்சி ஊற்றினான்.

புதன்கிழமை மத்தியானம் மூக்கம்மாள் வந்தாள். பக்கத்துத் தெருக்காரி, பதினோரு வருஷமாகத் தோட்டத்தில் அடுத்த வரிசையில் காய் எடுக்கிறவள். சந்திரவல்லி கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடியே வல்லி, வாடை இப்படி அடிச்சுப் போட்டுருக்கு, ஒரு சொல்லு சொல்லி விடப்படாதா?” என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான்கு வெள்ளை மாத்திரைகள். “காசிமாயன் வீட்டுல நின்னு நின்னு ஒனக்காக வாங்கியாந்தேன். போட்டுட்டு எந்திரி.”

சந்திரவல்லியின் கை முந்திக்கொண்டு நீண்டது. அவள் அனுப்பாமலே போன கை அது. அன்பாகக் கொண்டுவந்த பொருளுக்கு என்ன பதில் சொல்வது? பகையாளி கொண்டுவந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். நீண்ட கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“இது வாடை இல்ல மூக்கம்மா. மேல போயி எட்டு நாளாச்சு. மாத்திரை தீந்த மறுநாளுதான் வந்துச்சு. ஒனக்கும் அப்படித்தான வருது? நெனச்சுப் பாரு.”

மூக்கம்மாள் நினைத்துப் பார்த்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அப்ப என்ன சொல்ற? குவார்ட்டருக்கு அலையிறவன் மாதிரி நாங்க எல்லாம் மாத்திரைக்கு அலையுறோமா?”

“நானுந்தான அலைஞ்சேன்.”

“நீ பெரிய மனுசி, விட்டுருவ. எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சு.” மாத்திரைகளை மறுபடி முடிந்துகொண்டு மூக்கம்மாள் விருட்டென்று எழுந்து போனாள். அவள் தெருமுனையைத் தாண்டும் வரை அவளைத் திரும்பக் கூப்பிடாமல் இருக்கச் சந்திரவல்லி முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். அந்த நான்கு மாத்திரைக்காகவா, மூக்கம்மாளுக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னாள். கன்னையன் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்குப் போய் இன்னும் நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கினாள். கால் உதறல் போய்விட்டதா என்று தமிழ்செல்வி கேட்டாள், பாதி போய்விட்டது என்றாள். இடுப்பு வலி மட்டும் மூன்று வருஷம் கழித்துத் திரும்பிவந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு இந்த வாரமே ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுவதாகத் தமிழ்செல்வியிடம் ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜீப் கிளம்பியது. பின்னால் பதினாலு பேர், மடிக்கு மடி. மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவு வந்ததும் வழக்கம்போல முன்சீட்டிலிருந்து காசிமாயனின் கை தோளுக்கு மேலே பின்னால் வந்தது. மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் கைமாறி கைமாறி வந்தன. கோயிலில் திருநீறு எடுப்பது போல ஆளாளுக்கு எடுத்து வாயில் போட்டார்கள். டப்பா சந்திரவல்லி மடிக்கு வந்தது. அதை அப்படியே எதிரே இருந்த மூக்கம்மாளிடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து அவள் பேசவில்லை, இப்போதும் ஜீப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

“தங்கச்சி, எடுக்கலையா?” கண்ணாடியில் காசிமாயனின் கண் தெரிந்தது.

“வேணாம்ணே.”

“வேணாம்னா வேணாம். சாயங்காலம் காய் எடை கொறஞ்சுச்சுன்னா நாளைக்கு ஒன் எடத்துல வேற ஆளு ஒக்காந்திருக்கும். பெறகு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது.”

“நிக்க மாட்டேன்ணே.”

சொல்வது சுலபம். தோட்டத்தில் முதல் செடிக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது இடுப்புக்குள் ஆணி இறங்கியது. இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்த ஏலத் தட்டைகள், அடியில் ஈரமண்ணில் படர்ந்துகிடக்கும் காய்ச் சரங்கள். பழுத்த காயை மட்டும் விரலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும், பிஞ்சில் நகம் படக்கூடாது. முன்பெல்லாம் விரல் தானாக ஓடும், அவள் எங்கேயோ இருப்பாள். இன்றைக்கு ஒவ்வொரு காயும் தனித்தனியாகக் கைக்கு வந்தது. வலித்தபோது மண்டியிட்டாள், முழங்கால் வலித்தபோது மண்ணில் சப்பணமிட்டாள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். உச்சிப்பொழுதில் அவள் பையில் பாதிகூட நிறையவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே எடுத்தாள். எடுக்கிற கையை நிறுத்தவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அடுத்த வரிசையில் மூக்கம்மாளின் சேலை இன்னும் தெரிந்தது. இந்நேரம் அவள் எங்கேயோ முன்னால் போயிருக்க வேண்டியவள்.

தட்டைகளை விலக்கிப் பார்த்தாள். மூக்கம்மாள் மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, தாடை கழன்றுவிடும் போல ஒரு கொட்டாவி விட்டாள். அது முடிவதற்குள் இன்னொன்று. இவள் பார்ப்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போடாத மாத்திரை துருத்திக்கொண்டிருந்த முந்தானை முடிச்சை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

சந்திரவல்லி தன் பையை இறக்கி வைத்தாள். ஓ.ஆர்.எஸ். கரைத்த பாட்டிலின் மூடியைத் திறந்து, இரண்டு தட்டைகளுக்கு நடுவே கையை நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து மண் ஒட்டிய ஒரு கை வந்து பாட்டிலைப் பிடித்தது.